பெர்னாண்டோ என்ற பெயருக்குக் கேடயம் உண்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. பூர்வீகம் தூத்துக்குடி, இப்போது லண்டனில் இருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் பெர்னாண்டோ. அப்பாவின் 70ஆவது பிறந்தநாளுக்குப் பரிசு தேடியபோது, சிங்கமும் கிரீடமும் போட்ட ஒரு கேடயத்தை 'பெர்னாண்டோ குடும்பச் சின்னம்' என்று சட்டம் போட்டு விற்கும் இணையக் கடை கண்ணில் பட்டிருக்கிறது. பெயரின் வரலாறு என்று ஒரு தாளும் கூடவே தருகிறார்களாம். இது நிஜமாகவே எங்கள் வீட்டுச் சின்னமா, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் வீட்டுச் சின்னம் அல்ல. உலகத்தில் பெர்னாண்டோ என்று பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று இருந்ததும் இல்லை. பெயருக்குச் சின்னம் உண்டு என்பது முதல் தவறு. ஒரே கடைசிப் பெயர் என்றால் ஒரே குடும்பம் என்பது அதற்கு அடியில் கிடக்கும் இரண்டாவது தவறு. முதல் தவறு ஸ்மித், ஜோன்ஸ், மர்பி எல்லோருக்கும் பொருந்தும். இரண்டாவது, தூத்துக்குடிக் கரையோரமான முத்துக்குளித்துறையின் பெயர்களிடம் வரும்போது அபத்தத்தின் எல்லைக்கே போய்விடுகிறது. ஏன் என்று சொல்ல ஐரோப்பாவில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

1066இல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையைப் பேயூ திரைச்சீலையில் தைத்து வைத்திருக்கிறார்கள். அதில் வீரர்களின் கேடயங்களில் சிலுவையும் பறவைநாகமும் தெரியும். ஆனால் அவை வெறும் அலங்காரம். ஒரே ஆள் ஒரு காட்சியில் ஒரு கேடயத்தோடும் அடுத்ததில் வேறொன்றோடும் வருகிறான். போரின் நடுவே வில்லியம் செத்துவிட்டான் என்று வதந்தி கிளம்ப, அவன் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டுகிறான். கேடயத்தை வைத்து ஆளை அறியும் வழக்கம் அப்போது இருந்திருந்தால் அந்தப் பாடு தேவைப்பட்டிருக்காது.

அந்த வழக்கம் 12ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. 1128இல் ஜெஃப்ரி என்ற ஆஞ்சூ நாட்டு இளைஞனை வீரனாக்கும் சடங்கில், அவனுடைய மாமனாரான இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி பொன் சிங்கங்கள் பொறித்த கேடயத்தை அவன் கழுத்தில் மாட்டியதாக ஒரு துறவி பிற்பாடு எழுதினார். ஜெஃப்ரி 1151இல் இறந்தான். அவன் கல்லறைக்காகச் செய்த வண்ணத் தகடு பிரான்ஸின் லெ மான் நகரில் இன்னும் இருக்கிறது; நீலக் கேடயத்தில் பொன் சிங்கங்கள். அவனுடைய பேரன் வில்லியம் லாங்ஸ்பே 1226இல் இறந்தபோது, சால்ஸ்பரி பேராலயத்தில் அவன் சிலை கையிலும் அதே சிங்கக் கேடயம். தாத்தாவின் சின்னம் பேரனுக்கு வருகிறது. பரம்பரைச் சின்னம் என்ற ஏற்பாட்டுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. பரம்பரை என்றால் இங்கே வாரிசு வழி என்று பொருள். பெயர் இதில் எங்குமே வரவில்லை. தாத்தாவும் பேரனும் ஒரே கடைசிப் பெயரைக்கூடப் பகிர்ந்துகொள்ளவில்லை.

இந்தச் சின்னம் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை அதுதான். 1385இல் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்து மீது படையெடுத்தபோது யார்க்‌ஷர் பிரபு ரிச்சர்டு ஸ்க்ரோப்பும் செஷர்க்காரர் ராபர்ட் குரோவ்னரும் ஒரே படையில் போனார்கள். இருவர் கேடயத்திலும் நீல நிறத்தின் குறுக்கே சாய்வாக ஒரு பொன் பட்டை. என்னுடையது, உன்னுடையது என்று தகராறு. வீரர் வழக்குமன்றத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர். 1386 அக்டோபரில் அவர் சொன்ன சாட்சியம் ஆவணமாகவே இருக்கிறது: லண்டனில் ஃபிரைடே தெருவில் நடந்து போகும்போது அந்தப் பொன் பட்டைச் சின்னம் ஒரு விடுதி வாசலில் தொங்குவதைப் பார்த்தாராம். ஸ்க்ரோப் இங்கே தங்கியிருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறார். இல்லை, இது குரோவ்னருடையது என்று பதில் வந்திருக்கிறது. குரோவ்னர் என்ற பெயரையே அன்றைக்குத்தான் முதன்முறை கேட்டேன் என்று சாசர் சொன்னது குரோவ்னருக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

தீர்ப்பு ஸ்க்ரோப் பக்கம். வேண்டுமானால் குரோவ்னர் அதே சின்னத்தைச் சுற்றி ஒரு வெள்ளிக் கரை போட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று முதலில் சமரசம் சொன்னார்கள். 1390இல் மன்னர் அதையும் ரத்து செய்துவிட்டார். காரணம் கவனிக்க வேண்டியது: கரை போட்டு வேறுபடுத்துவது இரத்த உறவுக்காரனுக்கு, பங்காளிக்கு உரிய முறை, அந்நியனுக்கு அது ஆகாது. அதாவது 14ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சின்னம் இன்ன ஆளின் வழிக்கு உரியது, வெளியாள் தொடக் கூடாது என்பது தீர்ந்த விஷயம். குரோவ்னர் பிறகு நீலத்தில் பொன் கோதுமைக் கட்டு என்று புதுச் சின்னம் எடுத்துக்கொண்டார். அவர் வழியினர்தான் லண்டனில் மேஃபேர் என்ற பணக்காரப் பகுதியின் பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுக்கள். தோற்ற கோபம் 490 ஆண்டு கழித்தும் ஆறவில்லை போலிருக்கிறது. முதல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் பந்தயக் குதிரைக்கு அந்தப் பொன் பட்டையின் பெயரையே வைத்தார்: பெண்ட் ஆர். 1880இல் எப்சம் டெர்பியை ஜெயித்தது அந்தக் குதிரை.

இங்கிலாந்தில் இந்தச் சின்னங்களைப் பதிவு செய்து காக்கும் அலுவலகம் 1484இல் மூன்றாம் ரிச்சர்டு காலத்தில் அமைந்தது. காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்று பெயர். படிக்கிற காலேஜ் அல்ல. ஹெரால்டுகள் என்ற அரச அலுவலர்கள் இருக்கும் இடம். இன்றும் லண்டனில் செயின்ட் பால் பேராலயத்துக்குப் பக்கத்தில், குவீன் விக்டோரியா தெருவில் வேலை நடக்கிறது. 1530 தொடங்கி 1680களின் இறுதிவரை இந்த அலுவலர்கள் மாவட்டம் மாவட்டமாகக் குதிரையில் போய், சின்னம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு, எந்த உரிமையில் வைத்திருக்கிறாய், வம்சாவளியைக் காட்டு என்று கேட்டார்கள். காட்ட முடியாதவன் எனக்கு உரிமை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் பெயரைச் சந்தை கூடும் ஊரில் ஊரறிய அறிவித்தார்கள். இணையக் கடையில் சின்னம் வாங்கி மாட்டியவன் அன்றைக்கு இருந்திருந்தால் சந்தையில் மானம் போயிருக்கும்.

இந்த அலுவலகத்தின் கதவைத் தட்டியவர்களில் ஷேக்ஸ்பியர் வீட்டாரும் உண்டு. கவிஞரின் அப்பா ஜான், கையுறை தைத்து விற்றவர். ஒருமுறை விண்ணப்பித்து, கைநொடித்துப் போனதால் பாதியில் விட்டவர். மகன் நாடகத்தில் சம்பாதித்த பிறகு 1596 அக்டோபரில் சின்னம் கிடைத்தது: பொன் கேடயத்தில் கறுப்புச் சாய்பட்டை, அதன்மேல் ஒரு ஈட்டி. பெயரிலேயே ஈட்டி இருப்பதால் அந்தச் சிலேடை. 'உரிமை இல்லாமல் அல்ல' என்ற வாசகம் பிரெஞ்சில். அதிலும் சண்டை வந்தது. 1602இல் ரால்ஃப் புரூக் என்ற சக அலுவலர், தகுதி இல்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் வழங்கிவிட்டார்கள் என்று ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் 'நடிகன் ஷேக்ஸ்பியர்' பெயரும் இருந்தது.

அந்தச் சின்னத்துக்கு இன்று யார் வாரிசு? ஒருவரும் இல்லை. சின்னம் கிடைப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் கவிஞரின் ஒரே மகன் ஹாம்னட் 11 வயதில் இறந்திருந்தான். தம்பிகளுக்கும் முறையான ஆண் வாரிசு இல்லை. ஒரே பேத்தி எலிசபெத் 1670இல் பிள்ளையில்லாமல் இறந்ததோடு கவிஞரின் நேர்வழியே முடிந்தது. ஆனால் இன்று ஷேக்ஸ்பியர் என்று கடைசிப் பெயர் வைத்திருக்கும் யார் கேட்டாலும் அந்த ஈட்டிக் கேடயத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்கக் கடைகள் தயார். ஊரில் ஒரு முத்துசாமி பெயரில் இருக்கும் பட்டாவை நகல் எடுத்து, தமிழ்நாட்டில் உள்ள அத்தனை முத்துசாமிகளுக்கும் 'உங்கள் பூர்வீக நிலம்' என்று விற்பது போன்ற வியாபாரம் இது.

வியாபாரம் நடக்கும் விதம் ரொம்ப எளிது. 19ஆம் நூற்றாண்டில் சின்னங்களைத் தொகுத்துப் பெரிய பெரிய அகராதிகள் வந்தன. பர்க் தொகுத்தது பிரிட்டன், அயர்லாந்துக்கு; ரீட்ஸ்டாப் தொகுத்தது ஐரோப்பா முழுமைக்கும். ரீட்ஸ்டாப்பில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இரண்டும் பெயர் வரிசையில் அடுக்கியவை. 'ஸ்மித்' என்று திறந்தால் பக்கம் பக்கமாக வெவ்வேறு ஊர் ஸ்மித்துகள், வெவ்வேறு காலம், வெவ்வேறு கேடயம். கடைக்காரர் அதில் பார்வைக்கு அழகான ஒன்றைப் பொறுக்கி 'ஸ்மித் சின்னம்' ஆக்கிவிடுகிறார். உங்கள் பெயர் அகராதியில் இல்லாவிட்டால் ஒலி நெருங்கும் இன்னொரு பெயரின் சின்னம். இந்தத் தொழில் தபால் வழி விற்பனையாகவே அமெரிக்காவில் கொழித்தது. இணையம் வந்த பிறகு கடைக்கு அகராதியைப் புரட்டும் வேலைகூட மிச்சம்.

கூட வரும் வரலாற்றுத் தாளைப் படித்திருந்தால் கவனித்திருப்பீர்கள். பெயரின் மூலம், பழைய எழுத்துமுறைகள், எங்கோ ஒரு நூற்றாண்டில் முதன்முதலில் பதிவானது, புகழ்பெற்றவர்கள் நாலு பேர். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும் வார்ப்பு அது. சிவப்பு என்றால் வீரம், பொன் என்றால் கொடை, சிங்கம் என்றால் அஞ்சாமை என்று ஒரு விளக்கமும் இருக்கும். ஆரம்ப காலத்தில் நிறத்துக்கு அப்படி நிலையான அர்த்தம் எதுவும் கிடையாது. தூரத்தில் இருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பதே முதல் கவலை. அதனால்தான் மஞ்சளோ வெள்ளையோ ஒன்றன்மேல் ஒன்று வரக் கூடாது, நீலம், சிவப்பு, கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று வரக் கூடாது, மாறிமாறி வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நிறத்துக்குக் குணம் கற்பித்ததெல்லாம் பிற்காலத்து ஆசிரியர்களின் கைவேலை.

இன்னொரு அடையாளம்: கடைக்காரர்கள் முழுச் சின்னத்தையும் 'ஃபேமிலி கிரெஸ்ட்' என்பார்கள். கிரெஸ்ட் என்பது தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டும்தான். ஷேக்ஸ்பியருக்கு ஈட்டி பிடித்த ராஜாளி. கேடயத்தைக் காட்டி கிரெஸ்ட் என்று சொல்பவரிடம் மேற்கொண்டு எதுவும் வாங்காமல் இருப்பது நல்லது.

பெரிய இடத்திலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் டிரம்ப்பின் கோல்ஃப் கிளப்புகளில் பளிச்சிடும் சின்னம் டிரம்ப் வம்சத்துடையது அல்ல. ஜோசப் டேவிஸ் என்ற அமெரிக்கத் தூதருக்கு 1939இல் பிரிட்டனில் வழங்கியது. அவருடைய மனைவி மார்ஜரி போஸ்ட் கட்டிய மாளிகைதான் மார்-அ-லாகோ. மாளிகையை வாங்கிய பிறகு சின்னமும் டிரம்ப் பக்கம் வந்துவிட்டது. கேடயத்துக்குக் கீழே 'நேர்மை' என்ற பொருளில் இருந்த லத்தீன் சொல் மட்டும் போய் அந்த இடத்தில் 'டிரம்ப்' வந்தது. 2017இல் பத்திரிகைகள் இதை வெளியிட்டன. அதே ஆள் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் மைதானம் தொடங்கப் போனபோது பாச்சா பலிக்கவில்லை. அங்கே சின்னத்துக்கென்று அரசுச் சட்டமே உண்டு. கடைசியில் 2012இல் புதிதாக ஒரு சின்னம் பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

ஸ்காட்லாந்து விஷயத்தில் இங்கிலாந்தைவிடக் கறார். 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் சின்னங்களும் லார்டு லயன் என்ற அதிகாரியின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பதிவில்லாமல் பயன்படுத்துவது குற்றம். அவருக்கென்று தனி நீதிமன்றமே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு சின்னம் ஒருவருக்குத்தான். இளைய மகன்கூட ஏதாவது வேறுபாடு சேர்த்துத் தன் பேருக்குப் பதிந்துகொள்ள வேண்டும். குலத்தலைவரின் கிரெஸ்ட்டை, அதாவது தலைச்சின்னத்தை, வார்ப்பட்டை வளையத்துக்குள் வைத்துக் குலத்தார் அணிந்துகொள்ளலாம். அதற்கும், அது தலைவருடையது, நான் அவரைச் சேர்ந்தவன் என்றுதான் பொருள். இங்கிலாந்தில் இந்த வழக்குகளுக்கான மன்றம் கடைசியாகக் கூடியது 1954இல், மான்செஸ்டர் நகராட்சி தன் சின்னத்தைப் பயன்படுத்திய ஒரு நாடக அரங்கின் மேல் போட்ட வழக்குக்காக. அதற்கு முந்தைய அமர்வு 200 ஆண்டுக்கும் முன்னால். அதனால் லண்டனில் உங்கள் வீட்டுச் சுவரில் எதை மாட்டினாலும் யாரும் வந்து கேட்கப் போவதில்லை என்பது நடைமுறை உண்மை.

எல்லா நாட்டிலும் இதே விதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்தில் நகரத்து வியாபாரியும் கைவினைஞரும், சில பகுதிகளில் விவசாயியும் சொந்தமாகச் சின்னம் எடுத்துக்கொண்டார்கள். பிரபுத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போலந்தில் தலைகீழ்: ஒரே சின்னத்தை வெவ்வேறு கடைசிப் பெயர் கொண்ட பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. பிரான்ஸில் 1696இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்காகச் சின்னங்களைப் பதிவு செய்யச் சொல்லிக் கட்டணம் போட்டார். பதிய வராத, ஆனால் பணம் இருக்கும் என்று தோன்றிய ஆட்களுக்கு அதிகாரிகளே ஒரு சின்னத்தைக் கற்பித்துத் தலையில் கட்டி வசூலித்தார்கள். வரி ரசீதுதான் கேடய வடிவில் வந்தது. லட்சத்துக்கும் மேல் பதிவாயின. 1790இல் புரட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் ஒழித்தார்கள். ஆனால் இந்த எந்த நாட்டிலும், பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இன்னொருவர் சின்னம் உங்களுக்கு வந்துவிடாது.

இனி பெயருக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கடைசிப் பெயர்கள் 12 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நிலைபெற்றன. ஊர், தொழில், அப்பா பெயர், பட்டப்பெயர் ஆகியவைதான் மூலம். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கொல்லர் இருந்தார்; ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு ஸ்மித் வம்சம் தனித்தனியாக முளைத்தது. வேல்ஸில் நம்மைப் போல அப்பா பெயரே இரண்டாம் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதை ஆங்கிலேயர் முறைக்கு உறையவைத்தபோது, அந்தந்த நேரத்தில் அப்பா பெயர் என்னவோ அதுவே நிரந்தரமாகிவிட்டது. ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் அங்கே குவிந்து கிடப்பது அதனால்தான். மரபணு ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. 2000இல் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபணுத் தொகுதியை, சோதித்தபோது ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஒரே வகை கிடைத்தது. மற்றவர்களுக்குத் தத்து, முறைகேடு, பெயர் மாற்றம் என்று எத்தனையோ காரணம் இருந்திருக்கலாம். அபூர்வமான பெயர்களில் ஒற்றை மூதாதை இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்மித் போன்ற பெயரில் இரண்டு ஸ்மித்துகளும் தெருவில் போகும் இரண்டு பேரும் ஒன்றுதான்.

சில நாடுகளில் பெயரே அரசாணையால் வந்தது. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பி, குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். துருக்கியில் 1934இல் சட்டம். இப்படி வந்த பெயர்களை வைத்துப் பழைய வீரர்களின் கேடயம் தேடுவதில் என்ன அர்த்தம் இருக்கும்?

உங்கள் கதையும் அந்தப் பக்கம்தான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் முத்துச்சலாப உரிமைக்காக, அதாவது கடலில் முத்துக் குளிக்கும் உரிமைக்காக, பெரும் தகராறில் இருந்தார்கள். கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535 முதல் 1537 வரை துறை முழுவதும் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்தது. பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டில் வந்து இறங்கியது 1542இல். அவர் வந்தபோது பெயரளவில் கிறித்தவர்களான மக்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். ஞானஸ்நானத்தோடு போர்த்துகீசியப் பெயர்கள் வந்தன. ஞானத்தகப்பன் நின்ற சிப்பாயின், கப்பல்காரரின், பாதிரியாரின் பெயர். பெர்னாண்டோ, ரோச், மோத்தா, வாஸ், கோமஸ், மிராண்டா, மச்சாடோ என்று இன்று தூத்துக்குடியிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் புன்னைக்காயலிலும் கேட்கும் பெயர்கள் அப்படித் தொற்றியவை. பெயர் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உள்ள உறவு ஞான உறவு. இரத்த உறவு அல்ல.

இதில் ஒரு வேடிக்கை: போர்ச்சுகலில் பெர்னாண்டோ பொதுவாக முதல் பெயர். கடைசிப் பெயராக வழங்குவது பெர்னாண்டஸ், அதாவது பெர்னாண்டோவின் மகன். அதுவும் நாடு முழுக்க எத்தனையோ பெர்னாண்டோக்களின் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக வந்த பெயர். முதல் பெயரையே கடைசிப் பெயராக்கி நானூறு, ஐந்நூறு ஆண்டு ஓட்டியவர்கள் பெரும்பாலும் நம் கரையோரமும் இலங்கையும்தான். ஆகவே கடைக்காரர் 'பெர்னாண்டோ சின்னம்' என்று காட்டுவது பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்பானிய பெர்னாண்டஸ் வழியில் இருந்து எடுத்ததாக இருக்கும். அந்த ஆளுக்கும் போர்ச்சுகலில் இருந்து வந்த கப்பல்காரருக்கும் உறவில்லை. கப்பல்காரருக்கும் உங்கள் முன்னோருக்கும் உறவில்லை.

உங்கள் சனத்துக்கே இது தெரிந்த விஷயம்தான். பெர்னாண்டோ வீட்டுப் பையனுக்குப் பெர்னாண்டோ வீட்டுப் பெண்ணை எடுப்பதில் யாரும் முகம் சுளிப்பதில்லை. பங்காளி முறை என்று யாரும் நினைப்பதும் இல்லை. தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து பெயரை நகரமே சொல்கிறது. அதற்காக எல்லாப் பர்னாந்தும் அவர் உறவு என்று சொல்லிக்கொள்வதில்லை. இலங்கையில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் பெர்னாண்டோக்கள் இன்னும் கவனமாக இருக்கிறார்கள். வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்று பெர்னாண்டோவுக்கு முன்னால் வருவதுதான் அங்கே வழியைச் சொல்லும் பெயர். கடையின் தேடுபெட்டியில் அதைப் போட்டுப் பார்த்தால் என்ன கேடயம் வருமோ!

நம் பக்கம் சின்னமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஆனால் அது அரசருக்கு. சோழர் செப்பேட்டு முத்திரைகளில் புலிக்குப் பக்கத்தில் பாண்டியரின் இரட்டைக் கயலும் சேரரின் வில்லும் பொறித்திருக்கும். வென்றவன் மூன்றையும் தன் முத்திரையில் வைத்துக்கொண்டான். இந்திய சமஸ்தானங்களின் கேடயச் சின்னங்கள் பல பழையவைபோல் தோன்றினாலும், 1877 ஜனவரியில் விக்டோரியாவைப் பேரரசி என அறிவித்த டெல்லி தர்பாருக்காக ராபர்ட் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி வரைந்தவை. ஐரோப்பியக் கேடயத்துக்குள் யானையும் சூரியனும் வாளும் போட்டுப் பட்டுக்கொடியில் தைத்து மன்னர்களுக்கு வழங்கினார்கள். மகாராஜாக்களுக்கே அப்படி என்றால் மற்றவர்கள் பாடு சொல்ல வேண்டாம். கடைசிப் பெயரே இல்லாத பெரும்பாலான தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் இதுவரை வரவில்லை. லண்டனிலும் டொரொண்டோவிலும் தாத்தா செல்லையாவின் பெயரைக் குடும்பப் பெயராகத் தூக்கித் திரியும் பிள்ளைகளுக்கு இனி வரும்.

உங்கள் அப்பாவின் பரிசுக்கு வருவோம். சட்டம் போட்ட அந்தக் கேடயத்துக்குக் கொடுக்கும் பணத்தை ஊருக்கு ஒரு பயணத்தில் போடலாம். பங்குக்கோயில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் அப்பா, தாத்தா, பூட்டன் என்று பின்னோக்கிப் போக முடியும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்கள்கூட அங்கே இருக்கும். பழைய ஏடுகளில் எழுத்து மங்கியிருக்கும், பாதிரியாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், நான்கைந்து தலைமுறைக்கு மேல் போனால் ஒரே பெயரில் பலர் வந்து குழப்புவார்கள். அதற்கு வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் முதலில் உட்கார்ந்து, யார் யாருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தது, எந்தத் தெருவில் வீடு, யார் தோணி வைத்திருந்தார்கள் என்று குறித்துக்கொண்டு போவது உதவும். கிடைத்ததை நல்ல தாளில் வம்சாவளியாக எழுதிச் சட்டம் போட்டுக் கொடுங்கள்.

இல்லை, கேடயம்தான் வேண்டும் என்றால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. நீங்கள் பிரிட்டிஷ் குடிமகன் என்றால் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பிரபுவாக இருக்க வேண்டியதில்லை. படிப்பு, தொழில், பொதுப்பணி பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் பல ஆயிரம் பவுண்டு. கனடாவில் இருக்கும் உறவினர்கள் 1988இல் தொடங்கிய கனடா ஹெரால்டிக் ஆணையத்துக்கு எழுதலாம். அப்பா பெயரில் வாங்கினால் அது அவருக்கும் அவர் வழி வரும் உங்களுக்கும் மட்டுமே உரியது. ஊரில் உள்ள மற்ற பெர்னாண்டோக்களுக்குக் கிடையாது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் யாருடைய சின்னத்தையும் நகல் எடுக்காமல் நீங்களே ஒன்று வரையச் சொல்லுங்கள். தோணி, சங்கு, முத்துச்சிப்பி எதுவும் போடலாம். நிறத்தில் மட்டும் மஞ்சள்மேல் வெள்ளை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே அப்பாவின் பெயரையும் வரைந்த ஆண்டையும் போட்டுவிட்டால், பேரப்பிள்ளைகள் இதை 16ஆம் நூற்றாண்டுச் சின்னம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.